கைக்கு எட்டும் தரை

ஆகஸ்ட் 14, புதன்

கட்டில் வந்துவிட்டது. என் மனைவி எலிகியாவும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டாள். ஆம்புலன்ஸ் ஆட்கள் இரண்டு பேர் அவளைத் தூக்கிக் கட்டிலில் கிடத்திவிட்டுப் போனார்கள்.

வாடகைக் கட்டில். மகள் நெய்தி மெரிதா நகரத்திலிருந்து ஏற்றி அனுப்பியிருந்தாள். இரும்பு, காலுக்குச் சக்கரம், இரண்டு பக்கமும் கம்பி. எங்கள் அறையில் இது எங்கே நிற்கும் என்று நான் யோசித்துப் பார்க்கவே இல்லை. இந்த வீட்டைக் கட்டியபோது சுவருக்குச் சுவர் தூளிக் கொக்கி பதித்தேன். கட்டிலுக்கென்று ஒரு சாண் விடவில்லை. யாருக்கு வேண்டியிருந்தது? நானும் எலிகியாவும் பிறந்ததிலிருந்து நூல்வலைத் தூளியில் தூங்கியவர்கள். நெய்தியை அவள் பெற்றதும் தூளியில்தான். எங்கள் தெருவில் யாரையாவது கட்டிலுக்கு மாற்றினால், கடைசி ஜெபத்துக்குப் பாதிரியாரைக் கூப்பிட ஆள் போயிருக்கிறது என்று அர்த்தம்.

டாக்டர் சொன்னதை மறக்காமலிருக்க எழுதிக்கொள்கிறேன். விழுந்து உடைந்த இடுப்பில் இப்போது இருப்பது புது மூட்டு. தூளி கூடாது. தாழ்ந்த நாற்காலி கூடாது. கால்மேல் கால் கூடாது. தரையிலிருந்து எதையும் குனிந்து எடுக்கக் கூடாது. மீறினால் மூட்டின் பந்து கிண்ணத்தை விட்டு வெளியே வந்துவிடும். தினமும் வாக்கரைப் பிடித்து நடக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து எக்ஸ்ரே.

எலிகியா கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். “எப்படி இருக்கு?” என்றேன்.

“நாலு மெழுகுவத்திதான் கொறைச்சல்,” என்றாள்.

ஆகஸ்ட் 15, வியாழன்

அவள் தூங்கவில்லை. நானும்.

ஆகஸ்ட் 17, சனி

இடுப்பைவிடப் பெரிய தொல்லை கை.

தூளி தாழ்வாகத் தொங்கும். படுத்தபடி கையைக் கீழே விட்டால் தரை. தண்ணீர் டம்ளர், ஜெபமாலை, பல்செட் கிண்ணம், தைலம், விசிறி, ரேடியோ எல்லாமே தரையில், கைக்கு நேர் கீழே, அவளுக்கு மட்டும் தெரிந்த ஓர் ஒழுங்கில் இருக்கும். கண்ணைத் திறக்காமலே எடுப்பாள். எடுத்த இடத்திலேயே வைப்பாள். கட்டிலில் கையை விட்டால் கை காற்றில் நிற்கிறது. தரை எங்கேயோ பாதாளத்தில். அதைத் தொட வேண்டுமானால் உடம்பைச் சரிக்க வேண்டும். அதுதானே கூடாது என்கிறார்கள்?

ஆகவே எல்லாவற்றுக்கும் என்னைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. தண்ணி எடு. தைலத்த எடு. பல்லை எடு. பல்லை எடு என்று சொல்லும்போது அவள் என்னைப் பார்ப்பதில்லை.

ஆனால் இதற்கு மருந்து என் கடையிலேயே இருக்கிறது. எங்கள் ஊர் திசிமின் சந்தையில் என் கடையின் இடது சுவர் முழுக்க இந்தச் சரக்குதான். சுவரில் தொங்கும் பை, கம்பியில் மாட்டும் பை, அடுக்கு டிராயர், மூடி போட்ட பெட்டி. சைக்கிளில் துணிக் கிளிப் கட்டி விற்றுத் தொடங்கி இந்தச் சுவர் வரை வந்திருக்கிறேன். எதை எதில் வைப்பது என்று ஊருக்கே சொல்லிக்கொடுக்கிறவன், என் வீட்டில் ஒரு டம்ளருக்கு இடம் கண்டுபிடிக்க மாட்டேனா? திங்கட்கிழமைக்குள் முடித்துவிடுகிறேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

முடியவில்லை.

சக்கரம் வைத்த அடுக்கு டிராயரைக் கட்டிலோடு ஒட்டி நிறுத்தினேன். மேலே டம்ளர், ரேடியோ, உள்ளே மற்றவை. டம்ளரை எடுக்கக் கையைப் பக்கவாட்டில் தூக்கித் தலைப்பக்கம் திருப்ப வேண்டும். அவள் கை இத்தனை வருஷத்தில் அந்தத் திசைக்குப் போனதே இல்லை. தண்ணீர் மெத்தையில். சரி, டிராயரைத் திற என்றேன். இழுத்தாள். டிராயர் திறக்கவில்லை, அடுக்கே மொத்தமாக உருண்டு அவளிடம் வந்தது.

“இதென்ன கெழவா, நாய்க்குட்டியா? கூப்புட்டா ஓடி வருது.”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை வழக்கப்படி பன்றிக்கறி போட்டு வைத்த கறுப்பு பீன்ஸில் இரண்டு கரண்டியோடு நிறுத்திக்கொண்டாள்.

ஆகஸ்ட் 21, புதன்

நெய்தி மெரிதாவில் வாங்கிய பை வந்தது. கட்டில் கம்பியில் மாட்டுவது, நல்ல தையல், நான் விற்பதைவிட மேல், ஒப்புக்கொள்கிறேன். வரிசையாகப் பைகள், ஒவ்வொன்றிலும் ஒன்று போட்டேன்.

போட்டது உள்ளே இறங்கிவிடுகிறது. மேலிருந்து பார்த்தால் எல்லாப் பையும் ஒரே பைதான். நான் கடையிலிருந்து வந்தபோது அவள் நெற்றி வெள்ளையாகப் பளபளவென்றிருந்தது.

“தலைவலி போச்சா?”

“போகலை. பல்லு ஒட்டற பசையத்தான் தேச்சிருக்கேன். நெத்தி இனிமே கழண்டு விழாது.”

நெய்தியிடம் போனில் சொன்னேன். “பழகிரும்பா. நீங்க செல்லம் குடுக்குறதாலதான் அம்மா இப்படி,” என்றாள்.

“உங்கம்மாவுக்கு அறுபத்தெட்டு வயசும்மா.”

“அதனாலதான் சொல்றேன். இங்க கொண்டாந்து வெச்சுக்கறேன். இங்க எல்லாருமே கட்டில்தான்.”

எல்லாருமே கட்டில்தான். அது ஒரு ஊரா?

ஆகஸ்ட் 24, சனி

எதிர்வீட்டு லாந்தி அக்கா மக்காச்சோளக் கஞ்சி கொண்டுவந்தாள். கட்டிலைச் சுற்றிவந்து பார்த்தாள். “ஆத்தாடி, மாடி வீடு மாதிரில்ல இருக்கு. ஏறி எறங்க ஏணி குடுத்தாங்களா?” என்றாள். எலிகியா வாய்விட்டுச் சிரித்தாள். விழுந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து இன்றுதான் கேட்டேன். அரை மணி நேரம் அடுத்தவர் மருமகள்களைப் பற்றிப் பேசினார்கள். நான் நிம்மதியாகக் கடைக்குத் திரும்பி இதை எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

மூட்டு நழுவிவிட்டது.

நேற்றுச் சாயங்காலம். லாந்தி போகும்போது மீதிக் கஞ்சியைக் கோப்பையோடு கட்டிலுக்குக் கீழே, தலைமாட்டுப் பக்கம், தரையில் வைத்துவிட்டுப் போனாள். வேறு எங்கே வைப்பாள்? படுத்திருப்பவருக்குக் கோப்பையை எங்கே வைப்போம்? நான் கடைக்குப் புறப்பட்டபோதே அந்தக் கோப்பை அங்கேதான் இருந்தது. பார்த்தேன். எலிகியாவும் பார்த்தாள். மூன்று பேர் கண்ணிலும் அது தப்பாகப் படவே இல்லை. கோப்பை இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

எலிகியா கையை விட்டாள். எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் விட்டாள். நான் வந்தபோது பாதி உடம்பு கம்பிக்கு வெளியே, கால் உள்பக்கம் திருகிக் கிடந்தது. கத்தக்கூட இல்லை. “கோப்பை கவுந்துருச்சா பாரு,” என்றாள்.

கடவுளே.

ஆகஸ்ட் 26, திங்கள்

மயக்க மருந்து கொடுத்து மூட்டைத் திரும்ப உள்ளே தள்ளியிருக்கிறார்கள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். நல்ல மனிதர், சுற்றி வளைக்கவில்லை. இன்னொரு தடவை நழுவினால் அறுத்துத்தான் சரிசெய்ய வேண்டும். அவளுக்கு இருக்கும் சர்க்கரைக்கும் இதயத்துக்கும், ஆபரேஷன் மேசையிலிருந்து உயிரோடு இறங்குவாள் என்று தன்னால் சொல்ல முடியாது.

“அவங்க குனியாம பாத்துக்கங்க ஐயா. அது ஒண்ணுதான் உங்க வேலை.”

சரி என்றேன். சந்தையில் இத்தனை வருஷம் எத்தனை பேருக்குச் சரி சொல்லியிருப்பேன். எப்படி முடிக்கப்போகிறோம் என்று தெரியாமல் சொன்ன முதல் சரி இது.

ஆகஸ்ட் 29, வியாழன்

வீட்டுக்கு வந்தோம். நெய்தியும் வந்தாள். வந்த வேகத்தில் கொக்கியில் சுருட்டி மாட்டியிருந்த எலிகியாவின் தூளியைக் கழற்றி அலமாரிக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்தாள். “கண்ணுக்கு முன்னால தொங்கிட்டிருந்தா ஆசை வரத்தான் செய்யும்.”

எலிகியா வெறும் கொக்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெற்ற மகளோடு எனக்குச் சண்டை போடத் தோன்றியது. ஆனால் மகள் சொன்னதில் தப்பு இல்லை.

செப்டம்பர் 1, ஞாயிறு

நடக்க மாட்டேன் என்கிறாள். வாக்கர் சுவரில் சாய்ந்து நிற்கிறது. லாந்தி அக்கா வாசலோடு நின்று அழுதுவிட்டுப் போகிறாள், உள்ளே வருவதில்லை.

செப்டம்பர் 3, செவ்வாய்

தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள்.

இன்றைக்குத்தான் புரிந்தது. காலையில் கொடுத்த டம்ளர் மத்தியானமும் அப்படியே இருந்தது. சாயங்காலமும். நாக்கு வறண்டு வெடித்திருக்கிறது. சர்க்கரைக்காரிக்கு இது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாதா? ஏண்டி குடிக்க மாட்டேங்கறே என்று கத்திவிட்டேன்.

“குடிச்சா டம்ளர வாங்கி வைக்க உன்னைக் கூப்புடணும். அப்புறம் ஒண்ணுக்குச் சட்டி வைக்க உன்னைக் கூப்புடணும். கண்ணு தொடைக்கத் துணிக்குக் கூப்புடணும். ஒரு நாளைக்கு எத்தினி தடவதான் உன் பேரச் சொல்றது கெழவா? எனக்கே சலிச்சுப்போச்சு உன் பேரு.”

“நான் சலிச்சுக்கலையே.”

“நீ யாவாரி. சலிச்சாலும் மூஞ்சியில காட்ட மாட்டே.”

செப்டம்பர் 5, வியாழன்

கடையைப் பாதி நாள்தான் திறக்கிறேன். இன்று ஒரு பெண் வந்தாள். அம்மா படுத்த படுக்கையாம், கம்பியில் மாட்டும் பை வேண்டுமாம். கையில் எடுத்து, தையலை இழுத்துப் பார்த்து, “இது ஒத்தாசையா இருக்குமா?” என்றாள்.

“இருக்காது, வாங்காதே,” என்றேன்.

பக்கத்துக் கடைக்காரன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பெண்ணும். பையை மெதுவாகத் திரும்ப மாட்டிவிட்டுப் போனாள். வந்த ஆளை வெறுங்கையோடு அனுப்பியவன் என்ற பெயர் எனக்கு இதுவரை கிடையாது.

செப்டம்பர் 7, சனி

எழுதக் கை வரலை.

காலையில என் கையப் புடிச்சுக்கிட்டா. “ஒரே ஒரு மத்தியானம், கெழவா. தூளில போடு. நழுவுனா நழுவட்டும், போனாப் போகட்டும். இந்தப் பலகை மேல கெடந்து சாகறதுக்கு அது மேல். உன்கிட்ட வேற எதுவும் கேக்கலையே நான்.”

அலமாரியத் திறந்தேன். ஆமா, திறந்தேன். தூளிய எடுத்தேன், ஒரு முனைய மாட்டவும் மாட்டினேன். மறுமுனைய வச்சுக்கிட்டு நின்னேன். எவ்வளவு நேரம்னு தெரியாது. அவ என்னைப் பாத்துக்கிட்டே இருந்தா, நகை வாங்கிட்டு வந்திருக்கவனப் பாக்கற மாதிரி.

மாட்டலை. கழட்டிட்டேன்.

அவ மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. நான் செஞ்சது சரியா? நாளைக்கு அவ தண்ணி இல்லாம செத்துட்டா, நான் எதைக் காப்பாத்தினேன்? அவளையா, அவ இடுப்பு மூட்டையா?

செப்டம்பர் 8, ஞாயிறு

நெய்தி வந்தாள். அம்மாவின் நாக்கைப் பார்த்தாள். கண்ணீர் விட்டாள், பிறகு துடைத்துக்கொண்டு பேசினாள். அடுத்த ஞாயிறு வண்டியோடு வந்து அம்மாவை மெரிதாவுக்குக் கூட்டிப்போகிறாள். நான்காவது மாடி. பகலில் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தியாகிவிட்டது.

“நீங்களும் வாங்கப்பா.”

“கடை?”

“அம்மாவ விடவா கடை?”

இல்லைதான். ஆனால் எலிகியா அந்த மாடியிலிருந்து திரும்ப இறங்க மாட்டாள். இது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

“ஒரு வாரம் குடு,” என்றேன்.

“ஒரு வாரத்துல என்னப்பா மாறிரும்?”

செப்டம்பர் 10, செவ்வாய்

மடிமேல் நிற்கும் தட்டு ஒன்று கொண்டுபோனேன். மார்புக்கு நேராக எல்லாம் எடுப்பாக இருக்கும் என்று நினைத்தேன். வைத்ததும் மூச்சுத் திணறுகிறது என்றாள். “மேல மூடி வேற போடறியா?” தட்டு சுவரில் போய் விழுந்தது. ஜெபமாலை அறுந்துவிட்டது. மணி பொறுக்கக் குனிந்து தவழ்ந்தேன். நான் குனியலாம்; எனக்கு ஒன்றும் நழுவாது. அதை நினைத்ததும் அவமானமாக இருந்தது.

செப்டம்பர் 11, புதன்

மத்தியானம் அவள் அசந்துவிட்டாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளுடைய இடது கை தானாகவே கட்டிலின் ஓரத்துக்கு வந்தது. கம்பிக்கு அடியில் நுழைந்து கீழே தொங்கியது. நேராக, பாரமில்லாமல். உடம்பு அசையவில்லை, முதுகு திரும்பவில்லை. விரல்கள் விரிந்து காற்றில் தடவின. இந்தப் பக்கம், அந்தப் பக்கம். பிறகு மடங்கின. மறுபடி விரிந்தன. தூக்கத்திலேயே தேடிக்கொண்டிருக்கிறாள். ஒரு மாதமாகத் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

நான் ஒரு மாதமாகச் சாமானை மேலே கொண்டுவரப் பார்த்தேன். கை போகிற இடம் கீழே. சாமானை எதற்கு உயர்த்துவது? தரையை உயர்த்தினால்?

எழுந்து போய் ஒரு வாளியைக் கவிழ்த்து, அதன் மேல் முறத்தை வைத்து, மெதுவாக அவள் விரலுக்குக் கீழே தள்ளினேன். விரல்கள் முறத்தைத் தொட்டன. நின்றன. அவள் பெரிதாக மூச்சு விட்டாள்.

வாளி நகராமல் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தேன்.

செப்டம்பர் 12, வியாழன்

கடை திறக்கவில்லை. பக்கத்துத் தெருவில் வீடு கட்டுகிறவர்களிடம் சிமெண்ட் கல்லும் இரண்டு பலகையும் வாங்கி வந்தேன். கட்டிலின் நீளம் முழுக்கக் கல் அடுக்கி மேலே பலகை போட்டேன். பெட்டி இல்லை, அலமாரி இல்லை, ஓரமும் தடுப்பும் இல்லை. வெறும் தரை, கொஞ்சம் எழுந்து நிற்கும் தரை.

“யாருக்குக் கல்லறை?” என்றாள்.

“பேசாம கைய விடு.”

விட்டாள். முட்டியது. முழங்கை மடங்கியது. “மேசை,” என்றாள், தள்ளிவிட்டாள். ஒரு வரிசைக் கல்லை எடுத்தேன். இப்போது எட்டவில்லை, தோளைச் சரிக்கப் பார்த்தாள். பாய்ந்து பிடித்தேன். பலகைக்கு அடியில் கட்டை வைத்தேன், எடுத்தேன், செதுக்கினேன். மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து பிசியோதெரபி பெண் வந்து பார்த்தாள். கை நேராகத் தொங்கலாம், தோளும் முதுகும் மெத்தையை விட்டு எழக் கூடாது என்று சொல்லி, அவளே எலிகியாவின் முதுகில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கடைசியில் ஓர் உயரத்தில் உள்ளங்கை அப்படியே பலகையில் படிந்தது.

எலிகியா தடவிப் பார்த்தாள். முகம் சுளித்தாள்.

“மரம். தரை எங்கியாவது சூடா இருக்குமா?”

செப்டம்பர் 13, வெள்ளி

கொல்லைப்புறத்தில் மிஞ்சிக் கிடந்த தரை ஓடுகள் இருந்தன. இந்த அறையில் போட்ட அதே பூ ஓடு. கழுவித் துடைத்துப் பலகை மேல் பதித்தேன். மூலையில் ஒன்று உடைந்ததுதான் கிடைத்தது, பரவாயில்லை.

கையை விட்டாள். குளிர்ச்சி விரலில் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டாள். சரக்கு கைமாறும் நேரத்தில் விற்கிறவன் வாய் திறக்கக் கூடாது.

பிறகு, “டம்ளரு,” என்றாள். வைத்தேன். தள்ளி வைத்தாள். “தைலம். இல்ல, அந்தாண்டை. ரேடியோவத் தலைப்பக்கம். உனக்கு ஒண்ணும் வைக்கத் தெரியலை, குடு நானே வெச்சுக்கறேன்.” ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்தேன், அவள் பார்க்காமலே வைத்தாள். கோத்துக் கொடுத்த ஜெபமாலை, விசிறி, கண்ணாடி, பல்செட் கிண்ணம். கிண்ணத்தை வைத்துவிட்டு என்னைப் போகச் சொன்னாள்.

கதவுக்கு வெளியே நின்றேன். டம்ளர் ஓட்டில் உரசும் சத்தம். பிறகு குடிக்கும் சத்தம்.

சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதேன். எழுதவா வேண்டாமா என்று யோசித்து எழுதுகிறேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

நெய்தி வண்டியோடு வந்தாள். எலிகியா அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு, கையைக் கீழே விட்டு, செம்பிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி நீட்டினாள். முதுகு அசையவில்லை.

“வெயில்ல வந்திருக்கே. குடி.”

நெய்தி டம்ளரை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். “இதென்னப்பா, வீட்டுக்குள்ள மேடை?”

“உங்கப்பன் நட்டுவச்ச தரை,” என்றாள் எலிகியா. “இந்த எக்ஸ்ரே வரைக்கும் நான் எங்கியும் வரலை. போய்ட்டு வா.”

வண்டி வெறுமனே திரும்பிப் போனது. வண்டிக்காரன் மட்டும் முணுமுணுத்தான்.

செப்டம்பர் 23, திங்கள்

வாக்கரைப் பிடித்துச் சமையலறை வரை. என் பீன்ஸில் உப்பு இல்லை என்று சொல்வதற்காகவே நடந்தாள்.

அக்டோபர் 10, வியாழன்

லாந்தி அக்கா உள்ளே வர ஆரம்பித்துவிட்டாள். கோப்பையை ஓட்டுத் தரையில் வைக்கும்போது சிலுவை போட்டுக்கொள்கிறாள். எலிகியா எக்ஸ்ரேவுக்கு மிச்சமிருக்கும் வாரங்களை எண்ணிக்கொண்டிருக்கிறாள். அது முடிந்த மறுநாள் தூளி என்கிறாள். புது நூலில் ஒன்று பின்னச் சொல்லலாமா என்று லாந்தியிடம் நிறம் கேட்கிறாள். எக்ஸ்ரே என்றுதான் டாக்டர் சொன்னார், தூளி என்று சொல்லவில்லை.

நவம்பர் 2, சனி

இறந்தவர்களுக்குப் படையல். மண்குழியில் சுட்ட கோழி அடை நன்றாக வந்தது. எலிகியா வாக்கரோடு நின்று மெழுகுவத்தி ஏற்றினாள். “அடுத்த வருசம் எனக்கும் ஒரு தட்டு வைக்கறதா இருந்தா மிளகாயக் கொறைச்சுக்க,” என்றாள். வாயைக் கழுவு என்றேன். ஆனால் குரலில் கேலிதான் இருந்தது.

நவம்பர் 14, வியாழன்

எக்ஸ்ரே. மூட்டு நன்றாக உட்கார்ந்திருக்கிறது. நடக்கலாம், நாற்காலியில் உட்காரலாம், சந்தைக்குக்கூட வரலாம்.

தூளி கூடாது. இன்னும் மூன்று மாதமா என்று எலிகியா கேட்டாள். இல்லை அம்மா, ஒரு தடவை நழுவிய மூட்டு. இனிமேல் எப்போதும் கூடாது என்றார் டாக்டர்.

திரும்பி வரும் வழியெல்லாம் அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

நவம்பர் 15, வெள்ளி

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். டம்ளர் வைத்த இடத்தில் வைத்தபடி.

நவம்பர் 16, சனி

அதேதான். கை கீழே தொங்கவில்லை; மார்போடு இறுக்கி வைத்திருக்கிறாள். ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிட்டோமா? இனி உயர்த்துவதற்கு என்னிடம் எந்தத் தரையும் இல்லை. நெய்தியைக் கூப்பிடப் போனை எடுத்தேன், வைத்தேன். லாந்தி அக்காவிடம் அந்த நூலைப் பற்றிப் பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவளுக்கும் முகம் செத்துவிட்டது.

நவம்பர் 17, ஞாயிறு

காலையில் பூசை மணி அடித்து ஓய்ந்த பிறகு கூப்பிட்டாள்.

“கெழவா, இங்க வந்து ஒக்காரு. ஒரு யாவாரம் பேசணும்.”

உட்கார்ந்தேன். கண் வீங்கியிருந்தது. தண்ணீர் டம்ளர் காலியாக இருந்தது. முதலில் அதைத்தான் பார்த்தேன்.

“என்ன சரக்கு?”

“நான்தான். நான் இந்தக் கட்டில்லயே கெடக்கேன், சாகற வரைக்கும். தூளின்னு வாயத் தொறக்க மாட்டேன். தெனமும் அந்த இரும்பப் புடிச்சு நடக்கேன், மாத்திரை தின்னுக்கறேன், தண்ணி குடிச்சுக்கறேன்.”

“வெலை?”

“நீயும் கட்டிலுக்கு வா.”

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். விளையாடவில்லை.

“நீ தெனமும் அங்க தூளில ஆடிக்கிட்டுத் தூங்கறே. கொக்கி கிரீச்சு கிரீச்சுன்னுது. நான் இங்கேருந்து கேட்டுக்கிட்டுக் கெடக்கேன். என்னால சத்தியமா முடியாது அது.”

எனக்கு அது தோன்றியதே இல்லை. ஒரு நாள்கூட.

ஆனாலும் பழக்கம் விடுமா? “என் முதுகு தாங்காது,” என்றேன்.

“எனக்கு முதுகே இல்லையா?”

“ஒரு மாசம் படுத்துப் பாக்கறேன்.”

“மாசக் கணக்குக்கு நான் என்ன வாடகைக் கட்டிலா?”

“வாரத்துல பாதி நாள் கட்டில், பாதி நாள் தூளி.”

“போ, போய் வேற கடை பாரு.” மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பினாள். ஆனால் கொஞ்சம் மட்டும்தான் திரும்பினாள். அந்தத் திரும்பல் எனக்குத் தெரியும். நானே எத்தனை தடவை அப்படித் திரும்பியிருக்கிறேன்.

“மத்தியானத் தூக்கமாவது தூளில விடு.”

யோசித்தாள். கை மெதுவாக ஓட்டுத் தரைக்கு இறங்கியது. விரலால் தாளம் போட்டாள்.

“ஞாயித்துக்கெழமை மத்தியானம் மட்டும். கொல்லையில, மாமரத்துக்குக் கீழ. நான் தூங்கினப்புறம். எனக்குத் தெரியக் கூடாது.”

“தெரியாம எப்படி? நீ தூங்கலைன்னா?”

“தூங்கற மாதிரி இருப்பேன். அதுக்கு மேல கேக்காதே.”

“உன் தரையில எனக்குப் பாதி.”

“பாதியா? கல்லு சொமந்தா நெலம் உன்னோடதாயிருமா? ஒரு மூலை தர்றேன். அந்த ஒடஞ்ச ஓடு இருக்கே, அது.”

கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டேன்.

முடிந்த பேரம் இது. அவள் கட்டிலில், சாகும் வரை. நானும் எனக்கென்று வாங்கும் இன்னொரு கட்டிலில், அதுவரை. இரண்டு கட்டிலுக்கும் நடுவில் அந்தத் தரை. அதில் எனக்கு உடைந்த ஓடு ஒன்று, டம்ளரும் கண்ணாடியும் வைக்கும் அளவுக்கு. ஞாயிறு மத்தியானம் தூளி, மாமரத்தடியில், அவள் தூங்குவதுபோல் இருக்கும் நேரத்துக்கு மட்டும். இன்று முதல்.